வேரைப் பாருங்கள், பூ அப்புறம்! ஆர்க்கிட் கண்காட்சி: வாசகர் கேள்வி பதில்

ஆர்க்கிட் கண்காட்சிக்கு முதல் தடவையாகப் போகிறவர்களும், போய் வாங்கி வந்து கையைப் பிசைகிறவர்களும் எழுதிய கேள்விகள் இந்த முறை குவிந்துவிட்டன. ஒரே கேள்வியைப் பலர் கேட்ட இடங்களில் ஒன்றாக்கியிருக்கிறோம்.

கேள்வி: ஊட்டி மலர்க் கண்காட்சி பார்த்துப் பழக்கம். பெங்களூரு லால்பாக்கில் கர்நாடக ஆர்க்கிட் சங்கம் நடத்தும் கண்காட்சிக்கு இப்போதுதான் முதல் தடவை போகிறோம். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? எந்த நாள், எந்த நேரம் தோது? (ஓசூர் வாசகி)

ஊட்டியில் ஆயிரக்கணக்கான பூக்களை அடுக்கிக் கோபுரமும் மிருகமும் செய்து வைத்திருப்பார்கள்; எட்ட நின்று பார்த்தால் போதும். ஆர்க்கிட் கண்காட்சியில் ஒரு தொட்டி, ஒரு செடி, ஒரு பெயரட்டை. மிளகு அளவுப் பூவுக்குப் பரிசு கொடுத்திருப்பார்கள். நடந்துகொண்டே பார்த்தால் கண்ணிலேயே படாது. ஒவ்வொரு மேசையிலும் நின்று குனிய வேண்டும்.

பெரும்பாலும் இரண்டு பகுதிகள் இருக்கும். ஒன்று போட்டிக்கு வைத்த செடிகள், இன்னொன்று விற்பனை மேசைகள். பொதுமக்களை உள்ளே விடுவதற்கு முன்பே நடுவர்கள் பார்த்து முடித்திருப்பார்கள். வாங்கும் எண்ணம் இருந்தால் முதல் நாள் காலையில் போங்கள். நல்ல வேர், நல்ல தளிர் உள்ள செடிகளைப் பழகினவர்கள் மதியத்துக்குள் பொறுக்கிவிடுவார்கள். கடைசி நாள் மாலை விலை இறங்கும், உண்மைதான். ஆனால் மூன்று நாள் ஊர்க்கை பட்டு, தண்ணீரும் சரியாகக் கிடைக்காத செடி அது. பார்க்க மட்டும்தான் என்றால் வார நாள் நிம்மதி.

முதலில் விற்பனைப் பக்கம் ஒரு சுற்று. பிடித்ததை ஒதுக்கி வைக்கச் சொல்லிவிட்டுப் போட்டிச் செடிகளைப் பார்க்கப் போங்கள். செடியைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தில் நடந்தால் பூந்தண்டு ஒடியாமல் வீடு வராது. கையில் சின்ன டார்ச், பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் கைலென்ஸ், அழியாத மார்க்கர், பழைய செய்தித்தாள் இருக்கட்டும். செல்போனில் படம் எடுக்கும்போது முதலில் பெயரட்டை, அடுத்து பூ. வீட்டுக்கு வந்து நூறு படத்தை வைத்துக்கொண்டு எது எது என்று முழிக்க வேண்டாம்.

கேள்வி: பூவைத் தொட்டுப் பார்க்கக் கூடாது என்று அதட்டுகிறார்களாமே? முகர்ந்து பார்க்கலாமா? (ஈரோடு வாசகர்)

முகரலாம், தொடக் கூடாது. காரணம் பூவிலேயே இருக்கிறது. டென்ட்ரோபியம் என்கிற ஆர்க்கிட் வகையின் பூவுக்கு நேரே நின்று பாருங்கள். பின்வரிசையில் மூன்று புல்லி இதழ், முன்வரிசையில் இரண்டு அல்லி இதழ். ஆறாவது இதழ் மட்டும் உருமாறி, வண்டு வந்து இறங்கத் திண்ணை போட்டதுபோல முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கு உதடு என்று பெயர். உதட்டுக்கு மேலே குட்டையாக ஒரு தூண். தூணின் நுனியில் குருணையளவுக்கு ஒரு மூடி. மூடிக்குள் மஞ்சளாக மகரந்தக் கட்டிகள். விரல் நுனியோ துப்பட்டா முனையோ உரசினால் மூடி கழன்று கட்டியும் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். வண்டு வந்து போன கணக்கில் பூ எத்திலீன் வாயுவை வெளியிட்டு, வாரக்கணக்கில் நிற்க வேண்டியது சில நாளில் துவண்டுவிடும். ஒருவர் வருடக்கணக்கில் வளர்த்துக் கொண்டுவந்த செடி அது.

வாசனைக்கு நேரம் உண்டு. பிராசவோலா நோடோசா ராத்திரியில்தான் மணக்கும். பகலில் முகர்ந்துவிட்டு வாசனையே இல்லை என்று சொல்லாதீர்கள். ஆன்சிடியம் ஷாரி பேபி சாக்லேட் வாடை அடிக்கும், குழந்தைகளுக்குக் காட்டுங்கள். பல்போஃபில்லம் வரிசையில் சிலது ஈயை வரவழைக்க அழுகிய மாமிச நாற்றம் அடிக்கும், அதையும் காட்டுங்கள். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புகளில் கொடியேறும் வெனிலாவும் ஆர்க்கிட்தான். ஆனால் அந்த மணம் பூவில் கிடையாது, காயைப் பதப்படுத்தினால்தான் வரும்.

கேள்வி: அட்டையில் பெயர், அதற்குள் மேற்கோள் குறி, அப்புறம் ஏதோ மூன்றெழுத்து. மருந்துச் சீட்டு மாதிரி இருக்கிறது. எப்படிப் படிப்பது? (சேலம் வாசகர்)

சிங்கப்பூரின் தேசிய மலரையே எடுத்துக்கொள்வோம். பாபிலியோனாந்தே மிஸ் ஜோக்கிம் ‘ஆக்னஸ்’. முதல் சொல் பேரினம். அடுத்தது கலப்பினத்தின் பெயர். ஒற்றை மேற்கோளுக்குள் இருப்பது அந்தக் கலப்பில் பிறந்த ஒரே ஒரு குறிப்பிட்ட செடியின் பெயர். ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்த நூறு பிள்ளைகளில் ஒருத்திக்கு வைத்த பெயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது சொல் ஆங்கிலத்தில் சிறிய எழுத்தில் தொடங்கினால் காட்டில் இயற்கையாக உள்ள இனம், பெரிய எழுத்தில் தொடங்கினால் மனிதர்கள் கலந்தது. கலப்பினப் பெயர்களைப் பதிவு செய்யும் பொறுப்பு லண்டனில் உள்ள ராயல் ஹார்டிகல்ச்சுரல் சொசைட்டியிடம் இருக்கிறது.

மேற்கோளுக்குப் பின் வரும் எழுத்துகள் பரிசு. ஏ.ஓ.எஸ். என்று முடிந்தால் அமெரிக்க ஆர்க்கிட் சொசைட்டி கொடுத்தது. 100க்கு 75 முதல் 79 வரை வாங்கினால் எச்.சி.சி., 80 முதல் 89 வரை ஏ.எம்., 90ஓ அதற்கு மேலோ வாங்கினால் எஃப்.சி.சி.

இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இரண்டு பரிசுச் செடிகளின் பெயர் போட்டு நடுவில் பெருக்கல் குறி இருந்தால், நீங்கள் வாங்குவது அவற்றின் விதைநாற்று. பரிசு பெற்றோருக்கு, பிள்ளைக்கு அல்ல. பூத்தால்தான் குணம் தெரியும். பரிசு வாங்கிய அதே செடியின் திசு வளர்ப்புப் பிரதிக்கு மெரிகுளோன் என்பார்கள். படத்தில் பார்த்த பூவே வேண்டுமானால் அதைக் கேட்டு வாங்குங்கள். பழைய அட்டைகளில் மிஸ் ஜோக்கிமை வாண்டா என்றே எழுதியிருப்பார்கள். 1893இல் வெளியுலகுக்குத் தெரிந்ததிலிருந்து நெடுங்காலம் அந்தப் பெயர்தான். தாவரவியலார் பிறகு மாற்றினார்கள். இரண்டும் ஒன்றே.

கேள்வி: பக்கத்தில் பெரிய பூ இருக்க, சின்னப் பூவுக்கு முதல் பரிசு கொடுத்திருக்கிறார்களே, எப்படி? (வேலூர் வாசகி)

அளவுக்கு மதிப்பெண் கொஞ்சம்தான். அமெரிக்க முறையில் வடிவத்துக்கு 30, நிறத்துக்கு 30; மீதி 40ஐ அளவு, இதழின் கனம், பூக்களின் எண்ணிக்கை, தண்டில் அவை அமைந்த ஒழுங்கு என்று பிரித்துக்கொள்வார்கள். இயற்கை இனங்களை அந்தந்த இனத்தின் இயல்போடுதான் ஒப்பிடுவார்கள். பெரிய பூவின் இதழ் பின்னால் மடங்கியிருந்ததா, நிறம் திட்டுத்திட்டாக இருந்ததா என்று பாருங்கள். வளர்த்த திறமைக்கென்று தனிப் பரிசும் உண்டு. அந்தச் செடியின் முன்னால் கூடுதல் நேரம் நில்லுங்கள். எந்தத் தொட்டியில், எந்தக் கலவையில் வைத்திருக்கிறார்கள் என்பதைப் பார்த்தாலே நுழைவுச்சீட்டுக் காசுக்குப் பாடம் படித்தாயிற்று.

கேள்வி: சென்னையில் மொட்டை மாடி, மேற்கு வெயில். போனமுறை ஆசையாக வாங்கிய சிம்பிடியம் மூன்று வருடமாக இலை மட்டும் விடுகிறது. இந்த முறை எதை வாங்கலாம்? (குரோம்பேட்டை வாசகி)

முப்பது வருடம் வளர்த்தாலும் அது உங்கள் மாடியில் பூக்காது. தவறு உங்களுடையது அல்ல. சிம்பிடியம் கலப்பினங்கள் சிக்கிம், டார்ஜிலிங் மாதிரிக் குளிர்மலைச் செடிகள். இரவு வெப்பம் சில வாரமாவது 15 டிகிரிக்குக் கீழே இறங்கினால்தான் பூந்தண்டு கிளம்பும். சென்னைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஊட்டியிலோ கொடைக்கானலிலோ சொந்தம் இருந்தால் அங்கே அனுப்பிவிடுங்கள்.

உங்கள் மாடிக்கு முதல் செடி டென்ட்ரோபியம். அதிலும் தடித்த தண்டு, ஊதா வெள்ளைப் பூ உள்ள சோனியா வகை. கல்யாண மேடை அலங்காரத்தில் பார்ப்பதுதான். சாதாரணப் பூதானே என்று ஒதுக்காதீர்கள். முதல் வருடத்திலேயே பூவைக் காட்டி நம்பிக்கை தரும் செடி. 50 சதவீத நிழல்வலைக்கு அடியில் வளரும்.

இரண்டாவது வாண்டாவும் அதன் குட்டை ரகங்களும். சென்னையின் ஈரக்காற்று அதற்குச் சொர்க்கம். ஆனால் வெறும் வேரோடு தொங்குவதால் தினமும் தண்ணீர் காட்ட ஆள் வேண்டும். அடிக்கடி வெளியூர் போகிற வீட்டுக்குச் சரிப்படாது. கேட்லியாவுக்கும் 50 சதவீத வலை போதும். கலவை காய்ந்த பிறகு அடுத்த தண்ணீர் என்ற ஒழுக்கம் இருந்தால் அதுவும் வரும்.

ஃபலினாப்சிஸ் என்கிற பட்டாம்பூச்சி ஆர்க்கிட்தான் கண்காட்சியில் எல்லோர் கையிலும் இருக்கும். மாடி வெயில் அதைப் பொசுக்கிவிடும். 75 சதவீத வலை, அல்லது கிழக்கு ஜன்னலோரம். வெப்பம் 28 டிகிரிக்கு மேலேயே நின்றால் பூந்தண்டு விடாது. மார்கழி, தை ராத்திரிகள்தான் அதற்குச் சென்னையில் உள்ள ஒரே சந்தர்ப்பம். கோவைக்காரர்களுக்கு இது கொஞ்சம் சுலபம். மேற்கு வெயிலுக்கு வலையை மேலே மட்டும் கட்டினால் பிரயோசனமில்லை, மூன்று மணி வெயில் பக்கவாட்டில் வரும். மேற்குப் பக்கமும் இறக்கிக் கட்டுங்கள்.

கேள்வி: பூத்த செடி வாங்குவதா, பூக்காததா? மேசையில் ஒரே மாதிரி இருபது செடி இருந்தால் எதை எடுப்பது? (புதுச்சேரி வாசகர்)

முதல் செடி பூத்ததாக இருக்கட்டும். பெயர் தப்பாக இருந்தாலும் பூ பொய் சொல்லாது. விலை மலிவு என்று நாற்று வாங்கினால், டென்ட்ரோபியம் பூக்க இரண்டு மூன்று வருடம், வாண்டா நான்கு ஐந்து வருடம்கூட ஆகலாம். விற்கிறவரிடம், ‘பூக்கிற பருவமா, இன்னும் எத்தனை வருடம்?’ என்று நேராகக் கேளுங்கள்.

இருபதில் ஒன்றை எடுக்க, பூவை மறந்துவிட்டுக் கீழிருந்து தொடங்குங்கள். வாண்டா வேர் காய்ந்திருக்கும்போது வெள்ளி நிறம், நனைந்தால் பச்சை, நுனி மட்டும் எப்போதும் இளம்பச்சையாகவோ சிவப்பாகவோ மினுங்கும். அந்த மினுங்கும் நுனிதான் வேர் வளர்ந்துகொண்டிருக்கிறது என்பதற்குச் சாட்சி. நாலைந்து நுனியாவது இருக்க வேண்டும். விரலால் லேசாக அழுத்தினால் கெட்டியாக இருக்க வேண்டும். தோல் உருவி உள்ளே நூல் மாதிரி நரம்பு மட்டும் கைக்கு வந்தால் அந்த வேர் போய்விட்டது. (பூவைத் தொடாதே என்றது போட்டிச் செடிக்கு, விற்பனைச் செடியின் வேரைக் கேட்டுவிட்டுத் தொடலாம்.)

ஃபலினாப்சிஸ் என்றால் தொட்டியின் நடுவே பாசிப் பஞ்சு அடைத்த சின்னக் கூடை ஒளிந்திருக்கிறதா பாருங்கள். நாற்றுப் பருவத்தில் வைத்தது. நடுவில் ஈரம் காயாமல் நின்று, வெளியே செழிப்பாக இருக்கும்போதே உள்ளே அழுகத் தொடங்கும். செடியை மெல்ல ஆட்டுங்கள். லொடலொடவென்று ஆடினால் பிடிமானம் இல்லை. டென்ட்ரோபியம், கேட்லியாவுக்கு மூன்று தண்டுக்குக் குறையாமல், அடியில் ஒரு புதுத் தளிரும் இருக்க வேண்டும்.

பிறகு டார்ச். இலையின் அடிப்பக்கம், இலைக்கக்கம், தண்டைச் சுற்றிய காய்ந்த உறை. வெள்ளைப் பஞ்சு தெரிந்தால் மாவுப்பூச்சி, பழுப்புப் பொட்டு நகத்தால் சுரண்ட வந்தால் செதில்பூச்சி. இலையில் குழிந்த கறுப்புக் கோடோ வளையமோ இருந்தால் வைரஸாக இருக்கலாம். அதற்கு மருந்து கிடையாது, தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம்.

கேள்வி: கொழும்பு ஓர்கிட் கண்காட்சியில் இலை ஒன்றுமே இல்லாத மொட்டைத் தண்டுகளை விலைக்கு வைத்திருந்தார்கள். செத்த கன்றையா விற்கிறார்கள்? (மட்டக்களப்பு வாசகி)

செத்ததில்லை. டென்ட்ரோபியத்தில் இலையுதிர்க்கும் கூட்டம் ஒன்று உண்டு. அனோஸ்மம் அதில் பேர்போனது. வறட்சிக் காலத்தில் இலை எல்லாம் கொட்டி, மொட்டைத் தண்டின் கணுக்கணுவாகப் பூக்கும். தண்டு உருண்டு திரண்டு கெட்டியாக இருந்தால் வாங்கலாம். சப்பையாகிச் சத்தமின்றி நசுங்கினால் வேண்டாம். வீட்டுக்குக் கொண்டுபோய் இலை வரட்டும் என்று தண்ணீரை ஊற்றித் தள்ளிவிடாதீர்கள். கணுவில் மொட்டு தெரியும்வரை, தண்டு சுருங்காத அளவுக்கு எப்போதாவது தெளித்தால் போதும். பூத்து முடிந்த தண்டையும் வெட்ட வேண்டாம், புதுத் தளிருக்குச் சோறு அதிலிருந்துதான் போகிறது. உங்கள் நாட்டுக்கே உரிய வெசாக் பூ, டென்ட்ரோபியம் மக்கார்த்தியே, கண்காட்சியில் இருந்தால் பார்க்காமல் வந்துவிடாதீர்கள்.

கேள்வி: பெங்களூரிலிருந்து மதுரைக்கு ரயிலில் எப்படிக் கொண்டுவருவது? போனதடவை வந்து சேர்ந்த மறுநாளே மொட்டெல்லாம் மஞ்சளாகி உதிர்ந்துவிட்டது. (மதுரை வாசகர்)

கூடவே மாம்பழமோ வாழைப்பழமோ வந்ததா? பழுக்கிற பழம் விடுகிற எத்திலீன், மொட்டுக்கு எமன். மூடிய பையில் இரண்டையும் சேர்த்து வைத்தால் உதிராமல் என்ன செய்யும்? சாம்பிராணி, ஊதுபத்திப் புகையிலும் அது உண்டு என்பதால் பூத்த செடியைப் பூஜையறைக்குள் வைக்காதீர்கள்.

புறப்படும் அன்று தண்ணீர் ஊற்ற வேண்டாம். ஈரக் கலவை இருட்டுப் பெட்டிக்குள் வேகும். பூந்தண்டைக் குச்சியோடு இரண்டு இடத்தில் கட்டி, பூக்களுக்கு நடுவே டிஷ்யூ தாள் செருகுங்கள். தொட்டி ஆடாமல் செய்தித்தாளைக் கசக்கிச் சுற்றிலும் திணித்து, உயரமான அட்டைப்பெட்டியில் நிறுத்திவையுங்கள். பக்கத்தில் நாலு ஓட்டை. வாண்டாவின் வேரைத் தண்ணீரில் ஐந்து நிமிடம் நனைத்தால் வளைந்து கொடுக்கும், அப்போது தாளில் சுருட்டலாம்; காய்ந்த வேரை மடக்கினால் படக்கென்று முறியும். காரில் வருகிறவர்கள் சாப்பிட இறங்கும்போது செடியை மூடிய காரில் விட்டுப்போகக் கூடாது. அரை மணி வெயில் போதும், இலை வெந்துவிடும்.

இத்தனை செய்தும் இரண்டு மூன்று மொட்டு உதிரத்தான் செய்யும். இடம் மாறிய அதிர்ச்சி. அதற்காக உரம் போடாதீர்கள்.

கேள்வி: வீட்டுக்கு வந்ததும் உடனே தொட்டி மாற்ற வேண்டுமா? என்ன கலவை, என்ன உரம்? (தஞ்சாவூர், நாகர்கோவில், திருவள்ளூர் வாசகர்கள்)

முதல் வேலை தனி வைப்பது. மூன்று நாலு வாரம் மற்றச் செடிகளுக்குப் பக்கத்திலேயே கொண்டுபோக வேண்டாம். கண்ணுக்குத் தப்பிய மாவுப்பூச்சி அதற்குள் வெளியே வந்துவிடும். பூ இருக்கும்வரை தொட்டி மாற்ற வேண்டாம். அழுகல் வாடை வந்தால் மட்டும் விதிவிலக்கு.

மண் ஒரு பிடிகூட வேண்டாம். மரத்தின் மேல் காற்றில் தொங்கும் வேர் அது, மண்ணுக்குள் மூச்சு முட்டும். டென்ட்ரோபியத்துக்கு ஒரு அங்குல மரக்கரித் துண்டு இரண்டு பங்கு, உடைந்த ஓட்டுத் துண்டு ஒரு பங்கு போதும். தேங்காய் உரிமட்டைத் துண்டு சேர்ப்பதானால் மூன்று நாலு நாள் ஊறப்போட்டு, தினமும் தண்ணீரை மாற்றுங்கள். அதிலுள்ள உப்பும் துவர்ப்பும் இறங்க வேண்டும். ஈரம் பிடிக்கிற ஊரில் மட்டை இரண்டு வருடத்தில் மக்கிக் கூழாகும், அப்போது மாற்றியே ஆக வேண்டும். தொட்டி பக்கவாட்டிலும் ஓட்டை உள்ள மண்தொட்டி, செடிக்குக் கொஞ்சம் இறுக்கமான அளவில். பெரிய தொட்டி வாங்கித் தாராளம் காட்டினால் நடுவில் ஈரம் தங்கும். வெட்டும் கத்திரியை ஒவ்வொரு செடிக்கும் நெருப்பில் காட்டி எடுங்கள். வைரஸ் பரவும் முக்கிய வழி அந்தக் கத்திரிதான். வெட்டுவாயில் சமையலறைப் பட்டைப்பொடி தடவலாம். வேரில் மட்டும் படக் கூடாது, உலர்த்திவிடும்.

தண்ணீர் காலையில். சாயங்காலம் ஊற்றி ராத்திரி முழுக்க நடுக்குருத்தில் தேங்கினால் ஃபலினாப்சிஸ் அழுகிவிடும். தேங்கிய சொட்டைப் பஞ்சால் ஒற்றி எடுங்கள். திருவள்ளூர் வாசகர் இலைநுனி கருகுகிறது என்கிறார். வெயிலைத் திட்டுவதற்கு முன் போர் தண்ணீரை, கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். பேனாவால் அளந்து பாருங்கள். 200க்குள் இருந்தால் நிம்மதி. 500ஐத் தாண்டினால் மழைநீரோ ஆர்.ஓ. தண்ணீரோ கலந்தாக வேண்டும். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளுகிற கழிவு நீரை ஊற்றாதீர்கள், உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கிறது.

தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ள 19:19:19 உரம் லிட்டருக்கு ஒரு கிராம், வாரம் ஒரு தடவை, முதலில் வெறும் தண்ணீர் காட்டி வேர் நனைந்த பிறகு. மாதம் ஒருமுறை வெறும் தண்ணீரால் நன்றாக அலசிவிடுங்கள். பூக்கவில்லை என்று அளவைக் கூட்டினால் வேர்நுனி கறுக்கும்.

கேள்வி: மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள். அங்கே வாங்கிய செடியைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவரலாமா? (திருச்சி வாசகி)

துணிக்கு நடுவில் சுருட்டிக் கொண்டுவரும் யோசனையை விட்டுவிடுங்கள். இரண்டு தடை இருக்கிறது. ஆர்க்கிட் குடும்பம் முழுவதும், அரிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ளது; எல்லை தாண்ட அனுமதிச் சான்று தேவை. அதோடு 2003ஆம் ஆண்டின் இந்தியத் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். சீல் வைத்த பாட்டிலில் ஜெல்லியில் வளரும் நாற்றுக்குச் சைட்டிஸில் விலக்கு உண்டு. விற்கிறவர்கள் அந்தப் பாதியை மட்டும் சொல்வார்கள். தொற்றுத்தடுப்பு விதி பாட்டிலுக்கும் பொருந்தும். அதே ரகம் பெரும்பாலும் இங்கேயே நர்சரிகளில் கிடைக்கிறது. மகளைப் பார்க்கப் போகும்போது தாவரவியல் பூங்காவுக்குள் 1995இல் திறந்த தேசிய ஆர்க்கிட் தோட்டத்தை நிதானமாக அரை நாள் சுற்றிவிட்டு வாருங்கள்.

கேள்வி: மலைப்பாதையில் காட்டு ஆர்க்கிட் என்று கட்டுக்கட்டாக மலிவாக விற்கிறார்கள். வாங்கலாமா? (நாமக்கல் வாசகர்)

வேண்டாம். காட்டிலிருந்து பிடுங்கியதை வாங்குவது சட்டச் சிக்கல். நீல வாண்டா, சிவப்பு வாண்டா, லேடீஸ் ஸ்லிப்பர் வகைகளை 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமே பெயர் சொல்லிக் காக்கிறது. வேரில் மரப்பட்டை ஒட்டியிருப்பது, இலை பூச்சி கடித்திருப்பது, ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு அளவில் இருப்பது, பெயரட்டை இல்லாதது என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். மேகமும் பனியும் குடித்து வளர்ந்தது நாமக்கல் வெயிலில் ஒரு கோடை தாண்டாது. காட்டினங்களைப் பார்க்கத்தான் ஆசை என்றால் உங்களுக்கு ஏற்காடு பக்கம்தானே. இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தேசிய ஆர்க்கிடேரியம் என்கிற ஆர்க்கிட் தோட்டம் அங்கே இருக்கிறது.

கேள்வி: பளிச்சென்று மயில்கழுத்து நீலத்தில் பட்டாம்பூச்சி ஆர்க்கிட் பார்த்தேன். அபூர்வ ரகமாம், விலையும் அபூர்வம். வாங்கட்டுமா? (காஞ்சிபுரம் வாசகி)

பூந்தண்டின் அடிப்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். ஊசித் துளையும், அதை அடைத்த மெழுகும் தெரியலாம். வெள்ளைப் பூச் செடியின் தண்டுக்குள் சாயத்தை ஏற்றியிருக்கிறார்கள். சாயத்தால் செடிக்குப் பெரிய கேடில்லை, வெள்ளைப் பூவின் விலைக்குக் கொடுத்தால் வாங்குங்கள். அடுத்த வருடம் வெள்ளையாகத்தான் பூக்கும்.